சாரைக்கு விழுந்த அடி

போன கிழமை எங்கள் வீட்டுக் குளியலறைக்குள் ஒரு பாம்பு வந்தது. மருமகள் கத்தவில்லை. கதவை மெல்லச் சாத்தி, இடுக்குக்குள்ளால் போனை நீட்டிப் படம் எடுத்தாள். அதை ஏதோ ஒரு குழுவுக்கு அனுப்பினாள். என் தேத்தண்ணி ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது. விஷமில்லாத பாம்பு, பின்கதவைத் திறந்துவிட்டு விலகி நில்லுங்கள், தானாகப் போய்விடும் என்று யாரோ முகம் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார். அது தானாகவே போனது. நான் குசினிக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோசம்தான். ஆனால் கூடவே ஒரு ஆத்திரமும் வந்தது. அந்த மனுசன் ஐம்பது வருசம் பிந்தி வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

என் வயதுக்காரர்களே, உங்களுக்கு இது விளங்கும். நம்முடைய காலத்தில் ஒரு வளவுக்குள் பாம்பு என்று சத்தம் கேட்டால் ஊரே கூடும். கூடிய எல்லோர் கையிலும் தடி இருக்கும். என்ன பாம்பு என்று கேட்க மட்டும் ஒரு ஆள் இருக்காது. பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். படை நடுங்குமோ என்னவோ, எங்கள் அப்பா நடுங்கமாட்டார். அடிப்பார். செத்த பிறகும் அடிப்பார்.

நாங்கள் வன்னியில் தர்மபுரத்துக்கு வந்தது, மலைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்துக் குடியிருப்பை இனக்கலவரத்தில் எரித்த பிறகு. அப்பா, அம்மா, நான், ஒரு தகரப் பெட்டி. அவ்வளவுதான் வந்து சேர்ந்தது. காடு வெட்டிய ஒரு துண்டுக் காணி கிடைத்தது. மண்சுவர் வைத்து, இலுக்குப் புல்லால் கூரை வேய்ந்து ஒரு கொட்டில் போட்டோம். அது எங்களுக்குக் கட்டிய வீடு என்று நாங்கள் நினைத்தோம். தேளும் பூரானும் தங்களுக்குக் கட்டியது என்று நினைத்தன. காலையில் சட்டையை உதறாமல் போடமுடியாது. அரிசிப் பானையைத் திறந்தால் உள்ளே இருந்து ஏதாவது ஒன்று நம்மைப் பார்க்கும்.

மலையில் எங்களுக்குத் தெரிந்தது அட்டையும் தேயிலைச் செடிக்குள் கிடக்கும் பச்சைப் பாம்பும்தான். இங்கே எல்லாமே புதுசு. அம்மாவுக்கும் எனக்கும் அதுவே ஒரு விளையாட்டாகிப் போனது. அம்மாவிடம் நீல மூடி போட்ட ஒரு ஜாம் போத்தல் இருந்தது. கண்டதைப் போத்தலுக்குள் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்போம். எத்தனை கால், எங்கே கண், எதைத் தின்னும் என்று பார்ப்போம். பிறகு வேலி ஓரம் கொண்டுபோய் விட்டுவிடுவோம். கொழுந்து பறித்த கண் அம்மாவுக்கு. ஆயிரம் இலைக்குள் ஒரு துளிரைப் பார்க்கிற கண். சுள்ளி என்று நான் நினைத்ததை அவள் பூச்சி என்பாள். தொட்டால் அது நடக்கும்.

பெயர் தெரியாததால் நாங்களே பெயர் வைத்தோம். பளபளவென்று ஓடுகிற ஒன்றுக்கு ‘எண்ணெய் பூசினவன்’ என்று பெயர். அடுத்த வளவு மாமி அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அவர் பரம்பரையாக வன்னியில் இருந்தவர்.

“அது அரணை பிள்ளை. அரணை கடிச்சால் மரணமெண்டு சொல்லுவினம். நான் பிறந்ததிலயிருந்து அது ஒருத்தரையும் கடிச்சதைக் காணேல்லை.”

அப்பா வேலை முடிந்து வருமுன் போத்தல் காலியாகிவிட வேண்டும். அதுதான் எங்கள் சட்டம். ஒருநாள் தவறியது. முதுகு நிறையக் குட்டிகளைச் சுமந்துகொண்டிருந்த ஒரு தேளைப் பார்த்ததில் நேரம் போனது தெரியவில்லை. வெள்ளை வெள்ளையாக அரிசிக் குருணை மாதிரிக் குட்டிகள். அப்பா வாசலில் நின்றார். போத்தலைப் பறித்துச் சுவரில் அடித்தார். கண்ணாடியோடு சேர்த்துத் தேளைக் குதிக்காலால் தேய்த்தார். குட்டிகள் மண்ணில் சிதறின. ஒவ்வொன்றையும் தேடித் தேடி மிதித்தார். பிறகு அம்மாவின் கன்னத்தில் ஒன்று விட்டார்.

“விஷத்தப் பொறுக்கிக்கிட்டு வந்து புள்ளைக்கு விளையாட்டு காட்டுறியா?”

அம்மா தும்புத்தடியால் கண்ணாடியைக் கூட்டினாள். நீல மூடி மட்டும் உடையாமல் உருண்டு போய்க் கட்டிலுக்கடியில் கிடந்தது. அதைக் கொஞ்சக் காலம் நான் வைத்திருந்தேன். பிறகு எத்தனையோ இடம்பெயர்வு, எங்கே போனதோ தெரியாது.

அப்பா கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். கெட்டவராக இருந்திருந்தால் வெறுப்பது லேசு. மலையில் அந்த ராத்திரி லயத்துக் கதவைத் தட்டியபோது சித்தப்பாதான் எழும்பிப் போனார். கதவைத் திறந்து, வந்தது யார் என்று விளக்கைத் தூக்கிப் பார்த்தார். தெரிந்த முகங்கள். கீழ்க் கடையடியில் தினமும் பார்க்கிறவர்கள். “அட நீங்களா” என்று சிரித்தார் என்று அப்பா சொல்லுவார். சிரித்த வாய் மூடுவதற்குள் வெட்டு விழுந்தது. பின்பக்கத்தால் எங்களை இழுத்துக்கொண்டு ஓடிய அப்பா, ஓடிக்கொண்டே அதைப் பார்த்தவர். அதற்குப் பிறகு நின்று பார்ப்பது என்ற காரியமே அவருக்கு ஆகாமல் போய்விட்டது. “பாத்துக்கிட்டு நின்னவன் செத்தான்” என்பார். அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்ற பழமொழியை மற்றவர்கள் பகிடிக்குச் சொல்வார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார்.

அந்த வருசம் மாரிக்கு முன் கூரையை மாற்ற வேண்டியிருந்தது. குளக்கரைப் பக்கம் வெட்டிய இலுக்குப் புல்லைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து கொட்டிலுக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்தோம். நல்ல வெயில். புல் காய்ந்த மணம் வளவெல்லாம் இருந்தது. காலையில் அப்பா கூரையில் ஏறி இருந்தார். நான் கயிறு எடுத்துக் கொடுக்கிறேன். அம்மா கட்டை உருவி மேலே எறிகிறாள்.

அம்மா வெறுமனே கை வைக்கவில்லை. இதை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன். ஒவ்வொரு கட்டை எடுக்கும்போதும் முதலில் கம்பால் தட்டினாள். தேயிலைக்குள் கை போடுமுன் செடியைத் தட்டிப் பழகியவள். தட்டினால் அங்கே பாம்பு போய்விடும். தட்டி, ஒன்றும் அசையாவிட்டால் பயமில்லை என்பது மலையில் எங்கள் எல்லோருக்கும் பாடம். ஆனால் புடையன் என்று ஒரு விஷப்பாம்பு இருக்கிறது. தட்டினாலும் அது போகாது. மிதித்தாலொழிய அசையாது. அது வன்னிக்காரருக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. அம்மா தட்டினாள், சத்தமில்லை என்று பார்த்தாள், கையைவிட்டாள்.

“ஐயோ” என்று ஒரு சத்தம். கையை உதறினாள். நான் அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். அடிக் கட்டுகளுக்கு இடையில் அதைப் பார்த்தேன். கட்டையான, தடித்த உடம்பு. முதுகில் சங்கிலி கோத்தமாதிரிக் கறுத்த வட்டங்கள். மூன்று மூலைத் தலை. சைக்கிள் ரியூபில் காற்றுப் போவதுபோல் ஒரு சீற்றம் விட்டு, பின்னுக்கு இழுத்துக்கொண்டு புல்லுக்குள் போனது. நான் பார்த்தேன். பயத்திலும் பார்த்தேன், அப்படித்தான் அம்மா என்னைப் பழக்கியிருந்தாள்.

அப்பா கூரையிலிருந்து குதித்தார். இரும்பு அலவாங்கை எடுத்துப் புல்லுக் குவியலைக் குத்தினார், அடித்தார், மிதித்தார். அந்த அமளியில் மறுபக்கத்தால் ஒரு சாரை வெளியே பாய்ந்தது. நீளமாக, மஞ்சளாக, உயிர் தப்ப ஓடியது. அப்பா அதன் நடுவில் போட்டார். முதுகு முள்ளு உடைந்து அது இரண்டாக மடிந்து துடித்தது. சத்தம் கேட்டு அயல்சனம் ஓடிவந்தது. வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு அடி போட்டார்கள். பாம்புக்கு அடிக்காமல் போனால் பாவம் என்பதுபோல் ஒரு கிழவர் பொல்லூன்றி வந்து, அந்தப் பொல்லாலேயே ஒன்று போட்டார். தலை மண்ணோடு மண்ணாகிவிட்டது.

“அப்பா, அது இல்ல! கடிச்சது குட்டை, வட்டம் வட்டமா இருந்துச்சு” என்று நான் கத்தினேன். யார் காதிலும் விழவில்லை. அப்பா அம்மாவின் விரலைப் பிடித்து, வெற்றிலைக் கத்தியால் கீறி, ரத்தத்தை உறிஞ்சித் துப்பினார். பிறகு தீக்கொள்ளியால் சுட்டார். சேலைக் கிழிசலால் கையைக் கட்டிய இறுக்கத்தில் மணிக்கட்டு நீலம் பாய்ந்தது. அம்மா போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது.

பாம்பு கடித்தால் பாம்பையும் கொண்டு போக வேண்டும். ஊர் வழக்கம் அது. ஒவ்வொரு பாம்புக்கும் ஒவ்வொரு மருந்து என்பதால், பார்த்துத்தான் பரியாரி மருந்து கட்டுவார். அப்பா சாரையைத் தடியில் தொங்கவிட்டுக்கொண்டு முன்னால் போனார். மாமியும் நானும் அம்மாவைத் தாங்கிக்கொண்டு பின்னால் போனோம்.

பரியாரி நல்ல மனுசன். செத்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுவோ கடிச்சது?”

“இதுதாங்க. நானே அடிச்சேன்” என்றார் அப்பா.

“அப்ப பயப்பிடாதேங்கோ. இது சாரை. விஷமில்லை.”

கடிவாயைப் பார்க்க வழியில்லை. அப்பா கீறியும் சுட்டும் பல் பட்ட இடமே இல்லாமல் செய்திருந்தார். கை வீங்கியிருந்தது. கட்டு இறுகினதால் வந்த வீக்கம் என்று பரியாரி கட்டை அவிழ்த்துப் பச்சிலை வைத்தார். எல்லோருக்கும் மூச்சு வந்தது. அப்பா சிரித்தார். அவர் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

“அம்மாவைக் கடிச்சது சாரை இல்ல” என்றேன் நான். “நான் பாத்தேன். அது இன்னும் புல்லுக்குள்ளதான் கெடக்கு.”

அப்பாவின் கை எப்போது வந்தது என்று தெரியாது. நான் பரியாரி வீட்டு முற்றத்தில் விழுந்து கிடந்தேன். காதுக்குள் வண்டு ரீங்காரம் போட்டது.

“நல்ல வார்த்த வராதா ஒன் வாயில? ஆத்தாளக் கொன்னுட்டுத்தான் ஓய்வியா?”

“பிள்ளை பயந்து போச்சுது. விடுங்கோ” என்றார் பரியாரி. மாமி என்னைத் தூக்கி மண் தட்டினார். அவரும் என்னை நம்பவில்லை. அம்மா மட்டும் என்னைப் பார்த்தாள். அவளும் அதைப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் அப்பாவை எதிர்த்து ஒரு சொல் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

வீட்டுக்குத் திரும்பிவந்த பிறகு மத்தியானம் அம்மா சத்தி எடுத்தாள். கீறிய விரலில் ரத்தம் நிற்கவேயில்லை. துணியை மாற்ற மாற்ற ஊறிக்கொண்டே இருந்தது. பிறகு வாய் கொப்பளித்துத் துப்பினாள். மண்ணில் சிவப்பாக விழுந்தது. பல்முரசால் ரத்தம் வடிந்துகொண்டிருந்தது. மாமி அதைக் கண்டதும் தலையில் கை வைத்தார்.

“ஐயோ, இது சாரையின்ர வேலை இல்லை. உழவு மெசினைக் கூப்பிடுங்கோ. கிளிநொச்சி ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போவம்.”

“பாம்பு இல்லாமப் போனா என்னா மருந்து குடுப்பாங்க?” என்றார் அப்பா. “எதுக்கு குடுக்குறதுன்னு தெரியாம என்னாத்தக் குடுப்பாங்க?”

மாமிக்கும் அதற்குப் பதில் தெரியவில்லை. அங்கே நின்ற ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு பெண் வாயால் ரத்தம் வடியக் கிடக்கிறாள், பெரியவர்கள் எல்லோரும் பாம்பு தேடப் போனார்கள்.

அப்பா முன்போலவே தொடங்கினார். அலவாங்கால் புல்லை வாங்கு வாங்கென்று வாங்கினார். தூசு எழும்பியது. ஒன்றும் வரவில்லை. அவர் கை நடுங்கியதை முதல்முறையாகக் கண்டேன். அடிக்கத்தான் தெரியும் அவருக்கு, தேடத் தெரியாது.

“அடிக்காதீங்க அப்பா. நில்லுங்க” என்றேன். இன்னொரு அறை விழும் என்று கன்னத்தை இறுக்கிக்கொண்டேன். விழவில்லை. அவர் நின்றார்.

நீட்டுக் கம்பால் ஒவ்வொரு கட்டாகத் தூக்கிப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து கண்ணை அடியில் வைத்தேன். வெயில் சரிந்துகொண்டு வந்தது. கொட்டிலுக்குள் அம்மா முனகுவது கேட்டது. கடைசி அடுக்கில், நிழலில், அது சுருண்டு கிடந்தது. காலையில் கண்ட அதே வட்டங்கள். வயிறு ஊதியிருந்தது. என்னைப் பார்த்துச் சீறியது. இந்த இடத்திலும் ஒன்றைச் சொல்லவேண்டும்: அது அழகாக இருந்தது. அம்மாவுக்குக் காட்டவேண்டும் என்று ஒரு கணம் நினைத்தேன்.

“இதுதான்” என்றேன்.

அலவாங்கு இறங்கியது. தோல் வெடித்தது. வெடித்த வயிற்றுக்குள்ளிருந்து குட்டிகள் வந்தன. புடையன் முட்டையிடாது, குட்டி போடும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். விரல் நீளக் குட்டிகள், ரத்தத்தில் நனைந்து, உயிரோடு, அந்தச் சின்ன வாய்களைத் திறந்து சீறிக்கொண்டு நாலாபக்கமும் போயின. சனம் தடியோடு பாய்ந்தது. “விடாதே, ஒண்டையும் விடாதே!” என்று கத்தினார்கள். நானும் கத்தினேன். காலடியில் வந்த குட்டியை என் கையிலிருந்த கம்பால் அடித்தேன். அது நின்ற பிறகும் அடித்தேன். போத்தலில் பிடித்து வெளிச்சத்தில் பார்க்கிற பிள்ளை நான். அன்றைக்கு எனக்குப் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை, கொல்லத்தான் இருந்தது. அப்பா அழுதுகொண்டே அடித்தார். அவர் அடித்தது பாம்பையா வேறு யாரையாவதா என்று எனக்குத் தெரியாது.

தாய்ப் பாம்பைச் சீனிச் சாக்குக்குள் போட்டுக்கொண்டு உழவு மெசினில் ஏறினோம். அதன் இழுவைப் பெட்டிக்குள் வைக்கோல் பரப்பி அம்மாவைக் கிடத்தியிருந்தது. பரந்தன் வீதி அப்போது வெறும் குழி. ஒவ்வொரு குழிக்கும் அம்மாவின் தலை மாமியின் மடியில் அடிபட்டது. ரத்தம் மாமியின் சேலையில் பரவியது. என் கால்மாட்டில் சாக்கு கிடந்தது. அம்மா செத்துவிடுவாள் என்று நான் முடிவே செய்துவிட்டேன். ஆசுப்பத்திரி போய்ச் சேர இருட்டிக்கொண்டு வந்தது.

டொக்டர் இளம் ஆள். அம்மாவின் வாயையும் கையையும் பார்த்தார். தாதியிடம் ஏதோ சொன்னார். ஊசி வந்தது, போத்தல் வந்தது. அப்பா சாக்கை அவிழ்த்து முன்னால் நீட்டினார்.

“பாம்பக் கொண்டாந்திருக்கோம் ஐயா.”

டொக்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“எனக்கு என்னத்துக்கு? எந்த விஷப்பாம்பெண்டாலும் என்னட்ட இருக்கிறது இந்த ஒரு மருந்துதான். எத்தினை மணிக்குக் கடிச்சது?”

“காலையிலங்க.”

“காலமையோ? இவ்வளவு நேரமும் என்ன செய்துகொண்டிருந்தனீங்கள்?”

அப்பா சாக்கைப் பார்த்தார். “இதத் தேடிக்கிட்டு இருந்தோங்க” என்றார்.

டொக்டர் அம்மாவின் பக்கம் திரும்பி ஊசியை ஏற்றினார். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அப்பா சாக்கோடு வெளியே போய் மதிலடியில் குந்தினார். விடியும்வரை அப்படியே இருந்தார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நான் கோர்வையாகச் சொல்லமாட்டேன். அம்மா வீங்கினாள். சலம் கறுப்பாகப் போனது, பிறகு போகவே இல்லை. கடிபட்ட விரலை எடுத்தார்கள். பிழைப்பாள் என்று ஒருவரும் சொல்லவில்லை, மாட்டாள் என்றும் சொல்லவில்லை. மாமி தன் வீட்டு வேலையைப் போட்டுவிட்டு வந்து பார்த்தார். அப்பா என்னோடு கதைக்கவில்லை. வாட்டுக்குள் வருவார், அம்மாவின் காலைத் தொடுவார், போய்விடுவார். நான் அவரை வெறுத்தேன். முழுமனதோடு வெறுத்தேன், அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஒருநாள் பின்னேரம் அம்மாவுக்குச் சலம் போனது. கரண்டியால் கொடுத்த கஞ்சி உள்ளே இறங்கியது. தாதி சிரித்தார். மாமி ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னார்.

அப்பா வந்தார். கையில் ஒரு பூவரசங் கம்பு இருந்தது. பள்ளிக்கூடத்தில் வாத்திமார் வைத்திருப்பதுபோல் இலை உருவிச் சீவிய கம்பு. இங்கேயுமா என்று கட்டிலுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவர் கம்பை என் கையில் வைத்தார். சட்டையைக் கழற்றினார். அத்தனை நோயாளிகளும் பார்த்துக்கொண்டிருக்க, நிலத்தில் முழங்காலில் இருந்து முதுகைக் காட்டினார்.

“நீ சொன்ன. நான் அறைஞ்சேன். அடி.”

நான் மெல்லத் தட்டினேன்.

“அப்பிடி இல்ல புள்ள. நான் அடிப்பேன்ல, அப்பிடி.”

அடித்தேன். முதல் அடி அழுகையோடு போனது. அடுத்தது அழுகையில்லாமல் போனது. பிறகு எனக்கு ஆத்திரம் வந்தது, அதற்குப் பிறகு, பொய் சொல்வானேன், சந்தோசம் வந்தது. தோல் தடித்துத் தடித்து எழும்பியது. அவர் அசையவில்லை. தாதி ஓடிவந்து, “என்ன இது, இது ஆசுப்பத்திரியோ சந்தையோ? பிள்ளை, நிப்பாட்டு!” என்று கத்தினார். அப்பா தலையைத் தூக்காமல், “விடுங்கம்மா” என்றார். எனக்குக் கை ஓய்ந்தது. கம்பைப் போடப் போனேன்.

அப்போது கட்டிலில் ஒரு அசைவு கேட்டது. அம்மா கண்ணைத் திறந்து எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்த்தாளோ தெரியாது. உதடு வெடித்திருந்தது. வாயைத் திறக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

“எனக்கும் சேத்து ஒண்ணு போடு” என்றாள்.

போட்டேன். எல்லாவற்றிலும் அதுதான் பலமாக விழுந்தது. அப்பா அதற்குத்தான் அழுதார்.